ஜாய்ஸிக்கு ஒரு கல்: ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு

வழக்கமாக இந்தத் தளத்தில் அருவி, கோட்டை, பிரியாணிக் கடை என்று எழுதிக்கொண்டிருப்பேன். இந்த முறை நான் போனது ஒரு கல்லறைக் கல் வாங்க. சுற்றுலாத் தகவல் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். இதே வேலையாகக் கிருஷ்ணகிரிக்குப் போகவேண்டியவர்கள் எங்கோ சிலர் இருப்பீர்கள். போகுமுன் நான் தேடியபோது தமிழில் உருப்படியாக ஒரு வரி கிடைக்கவில்லை. உங்களுக்காக எழுதுகிறேன்.

என் தங்கை சுகந்தியும் அவள் கணவர் செல்வினும் ஓசூரில் இருக்கிறார்கள். செல்வினுக்கு சூளகிரிப் பக்கம் ஒரு வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. எங்கள் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம். நான் வாழ்க்கைப்பட்டது சேலம். சுகந்திக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து, போன செப்டம்பரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஜாய்ஸி என்று பெயர் வைத்தார்கள். நான்கு நாள் இருந்தாள்.

வருடம் திரும்பப்போகிற நேரத்தில் செல்வின் போன் பண்ணினார். "மைனி, கல்லு வைக்கணும்லா. அதுக்கு சுகந்தி ஒத்துக்கிட்டா. ஆனா என்ன எழுதன்னு கேட்டா எந்திச்சுப் போயிருதா. எனக்கு லீவும் இல்ல. நீங்க வந்தாத்தான் சரிப்படும்." ஊரிலிருந்து அம்மாவும் தன் பங்குக்குப் பேசினாள். மூட்டுவலியால் அவளால் வர முடியாது. "பிள்ளதான் போச்சு. அவ விசுவாசமும் போயிரக்கூடாதுட்டி. ஆறுதலா ஒரு வசனம் பாத்துப் போடச் சொல்லு" என்றாள். ஆறுதலான வசனம் தேடுவதில் நான் கெட்டிக்காரி என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இருபது வருடமாக ஞாயிறு பள்ளி டீச்சர் அல்லவா.

ஒரு வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்கு சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஓசூர் பஸ் ஏறினேன். சுமார் நூற்று அறுபத்தைந்து கிலோமீட்டர். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி படுத்துக்கொண்டதால் இருபது நிமிடம் போனது. தருமபுரி தாண்டிக் கிருஷ்ணகிரி வந்தபோது மணி எட்டரை. கல் பட்டறைகள் இருப்பது இந்தப் பக்கம்தான். இங்கேயே இறங்கி, தங்கையை ஓசூரிலிருந்து வரச்சொல்லியிருந்தால் எனக்குப் போகவர நூறு கிலோமீட்டர் மிச்சம். ஆனால் தனியாக வரச்சொன்னால் அவள் கிளம்பவே மாட்டாள் என்று எனக்குத் தெரியும். பேசாமல் ஓசூர் வரை போய் அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். நீங்கள் இப்படிச் சுற்றாதீர்கள்.

அந்தக் குழந்தை எங்களுக்கு எப்படி வந்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் சபைகளில் புத்தாண்டு இரவு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் சிறிய அட்டைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். ஜெபம் பண்ணி ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருடத்துக்குக் கர்த்தர் உனக்குத் தந்த வாக்குத்தத்தம் அது. அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்களும் உண்டு. போன வருடம் சுகந்தி எடுத்த அட்டையில், பிள்ளையில்லாத ஒரு வயதான தம்பதிக்குக் கர்த்தர் சொன்ன வார்த்தை இருந்தது. குறித்த காலத்தில் உன்னிடம் திரும்ப வருவேன் என்பது முதல் பாதி. அப்பொழுது ஓர் ஆண்பிள்ளை பிறந்திருக்கும் என்பது இரண்டாம் பாதி.

பத்து வருடம் காத்திருந்தவள் கையில் அந்த அட்டை வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஜனவரி முடிவதற்குள் நாள் தள்ளிப்போயிருந்தது. சேலத்தில் நான் அடுப்பை அணைத்துவிட்டு முழங்கால் போட்டு அழுதேன். ஏழாம் மாதத்தில், பிள்ளை பிறக்கும் முன்பே, சபையில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். வாக்குப் பண்ணினவர் உண்மையுள்ளவர் என்று சுகந்தி எழுந்து நின்று சாட்சி சொன்னாள். சபையே கை தட்டியது. முன்கூட்டியே நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்று நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். அதில் தப்பு இருப்பதாக எனக்கும் அன்று தோன்றவில்லை.

பிள்ளை போனபிறகும் அவள் சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. கடைசி வரிசையில் உட்காருவாள். சாட்சி நேரம் வந்ததும் வெளியே போய் நிற்பாள். வீட்டில் ஜெபத்துக்குக் கூப்பிட்டால் "நீங்க பண்ணுங்க" என்பாள். இந்தப் புத்தாண்டில் தட்டு அவள் பக்கம் வந்தபோது கையை மடியிலேயே வைத்துக்கொண்டாளாம். இதெல்லாம் செல்வின் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளாக ஒன்றும் சொன்னதில்லை.

ஓசூரில் பதினொன்றேகாலுக்குக் கிருஷ்ணகிரி பஸ் பிடித்தோம். ஒன்றேகால் மணி நேரப் பயணம். சூளகிரி மேம்பாலம் தாண்டும்போது செல்வின் வேலை பார்க்கும் கம்பெனியின் நீலக் கூரை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் சுகந்தி வாயைத் திறந்தாள்.

"அக்கா, பிள்ள போயி ரெண்டு வாரத்துல சபையிலேருந்து ஒரு அக்கா வீட்டுக்கு வந்தாங்க. காப்பி போட்டுக் குடுத்தேன். 'கலங்காத சுகந்தி. வசனத்துல ஆம்பளப் பிள்ளன்னுல்லா இருக்கு. உனக்குப் பிறந்தது பொம்பளப் பிள்ள. அப்ப இது அந்தப் பிள்ள இல்ல. அவர் வாக்கு மாறமாட்டார். அந்த நேரம் இனிமேத்தான் வரும்'னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? டம்ளரக் கழுவப் போயிட்டேன்." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்ப ஜாய்ஸி யாருக்கா? ஆள் மாறி வந்தவளா?"

அந்தச் சபை அக்காவும் கெட்டவள் இல்லை. கர்த்தர் பொய் சொல்லவில்லை என்று எப்படியாவது நிரூபித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. அந்த அவசரத்தில் ஒரு பிள்ளையையே கணக்கில் இல்லாமல் ஆக்கிவிட்டாள். அவர் நேரம் ஒருபோதும் பிந்தாது என்று இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதைச் சொல்ல அன்று எனக்கு நாக்கு எழவில்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பேசினோம். நாங்கள் போகவேண்டிய பட்டறை பர்கூர் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர். போக, காத்திருக்க, வர எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய். "கல்லு கம்பெனிங்களா? தரைக்குப் போடற கல்லுங்களா, சமையல் மேடைக்குங்களா?" என்று டிரைவர் உற்சாகமாகக் கேட்டார். "கல்லறைக்கு" என்றாள் சுகந்தி. அவர் பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டினார்.

இந்தப் பக்கத்துக் கருங்கல் கப்பலேறிப் போகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கல்லறைக் கல்லாகப் போகிறது என்பதை அங்கேதான் பார்த்தேன். சாலையோரம் சிலுவை சிலுவையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். யாருக்கென்று இன்னும் தெரியாத கற்கள். உள்ளே கல் அறுக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. தரையெல்லாம் சாம்பல் நிறச் சேறு. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போன என் புத்தியை என்ன சொல்ல.

பட்டறையைப் பார்த்துக்கொள்பவர் முனிரத்தினம். ஐம்பது வயது இருக்கும். போனில் தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் முடித்துக்கொண்டார். "பெரியவங்களுக்குங்களா, குழந்தைக்குங்களா?" என்று கேட்டார்.

"குழந்தைக்கு."

"அப்ப இந்தப் பக்கம் வாங்க மேடம்." ஒரு ஓரத்தில் ஒன்றரை அடி உயரம், ஒரு அடி அகலத்தில் கற்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். இதற்கென்று ஓர் அளவு இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. சுகந்தி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றின்மேல் கையை வைத்தபடி நின்றாள். அங்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

"பேரு, பொறந்த தேதி, போன தேதி, அப்புறம் உங்க ஆளுங்க வசனம் போடுவாங்க. சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல ஏத்திப் பாத்துக்கலாம்" என்றார் முனிரத்தினம். பையில் நான் மூன்று வசனம் தயாராக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எடுப்பதற்குள் சுகந்தி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அட்டையில் வந்த அந்த வசனத்தை முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடமாகச் சொன்னாள்.

"ஏட்டி, அதா?"

"அதுதான்."

"கல்லறையில போயி அத யாராவது போடுவாங்களாட்டி? படிக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"அவரு சொன்னதுதான? அவரே வந்து பாக்கட்டும்."

பிள்ளையின் தலைமாட்டில் கர்த்தரைக் குற்றவாளியாக நிறுத்தப்போகிறாள் என்றுதான் எண்ணினேன். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? கல் வைக்கிற அன்று பாஸ்டர் அதைப் படிக்கும்போது சபையார் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள்? கெஞ்சினேன், கோபப்பட்டேன். அவள் அசையவில்லை.

முனிரத்தினம் திரையில் எழுத்தை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மேடம், இந்தக் கல்லுல இவ்ளோ எழுத்து நிக்காதுங்க. சின்னதா வெட்டினா ரெண்டு மழையில அழுக்கேறிப் படிக்க முடியாம போவும். ஒண்ணு பெரிய கல்லா எடுங்க, இல்லன்னா பாதி போட்டுக்கலாம். நீங்களே சொல்லுங்க."

அப்பாடா என்றிருந்தது. "வேற சின்ன வசனமா போட்டுருவோம் சுகந்தி" என்றேன்.

"பெரிய கல்லு வேண்டாம். அவ சின்னவ" என்றாள். அறுவை இயந்திரத்தை மதியச் சாப்பாட்டுக்காக நிறுத்தினார்கள். திடீரென்று வந்த அமைதியில் அவள் மூச்சு விடுவது கேட்டது. முனிரத்தினம் அவசரப்படுத்தாமல் டீ சொல்லியனுப்பினார்.

டீ ஆறிப்போன பிறகு, "முதல் பாதி மட்டும் போடுங்க" என்றாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். "பிள்ளையப் பத்தின பாதிய ஏன் விட்ட?"

"பிள்ள வந்துட்டால்லா? யாரு என்ன சொன்னாலும் ஜாய்ஸிதான் அந்தப் பிள்ள. நாலு நாள் என் கையில இருந்தா. அது முடிஞ்சுட்டுக்கா. திரும்ப வாறேன்னு சொன்னாருல்லா, அதுதான் பாக்கி. வரட்டும். எனக்குக் கேக்கறதுக்கு இருக்கு."

கோபத்தில் சொன்னாள். ஆனால் வரமாட்டார் என்று அவள் சொல்லவில்லை. எனக்கு அது போதும் என்று தோன்றியது. என் பையிலிருந்த மூன்று வசனத்தையும் நான் வெளியே எடுக்கவே இல்லை.

இனி, போகிறவர்களுக்கான தகவல்கள். எங்களுக்குக் கல், எழுத்து, மெருகு எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு ஆனது. ஓசூருக்குக் கொண்டுவர எண்ணூறு தனி. பத்து நாளில் தந்தார்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை யாரும் இருக்க மாட்டார்கள், காலையிலேயே போய்விடுங்கள். எழுத்துகளைத் திரையில் ஒருமுறை, வெட்டுவதற்கு முன் தாளில் ஒருமுறை சரிபாருங்கள். வெட்டியபின் திருத்த முடியாது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு அருகே சாப்பாடு சுமார்தான். பழைய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். முக்கியமாக, தனியாகப் போகாதீர்கள்.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. கர்த்தர் நேரம் தவறாதவர் என்பதை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த நேரம் எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிந்ததுபோல அந்த வீட்டில் போய்ப் பேசாதீர்கள். காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு, டம்ளரை நீங்களே கழுவி வைத்துவிட்டு வாருங்கள்.

கல் வந்த அடுத்த சனிக்கிழமை காலை ஓசூரில் கல் வைத்தோம். சபையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பாஸ்டர் ஒரு வசனத்தைப் பாதி சொல்லி நிறுத்தினால் மீதியைச் சபை சேர்ந்து சொல்லும். அன்றும் அவர் குனிந்து கல்லிலிருந்ததை உரக்கப் படித்து நிறுத்தினார். நான்கைந்து குரல்கள் பழக்கத்தில் "அப்பொழுது" என்று அடுத்த பாதியை ஆரம்பித்து, என்ன சொல்ல வருகிறோம் என்று தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டன. யாருக்கும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. செல்வின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சுகந்தி கல்லைப் பார்த்துக்கொண்டு, "ஆமென்" என்றாள். ஒரு வருடமாக அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது.