சரியாத்தான் காட்டுது

எங்கள் இணைய நிறுவனத்தின் புகார்ப் பிரிவில், அடுத்த நாற்காலிக்காரருக்குச் சாந்தசொரூபி என்று பெயர் வைத்தது நான்தான். பதினோரு வருடமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு திட்டு வாங்குகிறார். ஒரு நாளைக்கு அறுபது பேர். ஒருவரிடமும் குரல் உயர்ந்ததில்லை. எனக்கானால் பத்தாவது ஆளிடமே மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

'நெட் மெதுவாக இருக்கிறது' என்று யார் சொன்னாலும் எங்கள் பதில் ஒன்றுதான்: எங்கள் ஸ்பீட் டெஸ்ட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது எப்போதும் முழு வேகம் காட்டும். அப்புறம் பழியெல்லாம் வாடிக்கையாளர் வீட்டின் மேல்தான். சுவர் தடிமன், கம்ப்யூட்டர் பழசு, இப்படி ஏதாவது.

சாந்தசொரூபியின் அக்காவுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. அவர் வீட்டிலும் எங்கள் இணைப்பு. காது கேளாத ஐந்து பிள்ளைகளுக்கு வீடியோவில் சைகை மொழி சொல்லித் தருகிறவர். படம் அடிக்கடி நின்றுவிடும். பேச்சென்றால் குரலையாவது பிடித்துக்கொள்ளலாம். பாதியில் நின்ற கையை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

"டெஸ்ட்ல சரியாத்தான்க்கா காட்டுது. ஜன்னல் பக்கத்துல உக்காந்து பாரு," என்பார் தம்பி. அக்கா உட்கார்ந்து பார்த்தார். கம்ப்யூட்டரையும் மாற்றிப் பார்த்தார். ஐந்து பிள்ளைகள் இரண்டாகக் குறைந்தார்கள்.

நேற்று சாப்பாட்டு அறையில் நெட்வொர்க் இன்ஜினியர், ஊருக்கே தெரிந்த விஷயம்போலச் சொன்னார்: "நமக்குப் பணம் கட்டுற சினிமா சைட்டுக்குத்தான் முழு வேகம். டெஸ்ட் பக்கத்துக்கும் அதே வேகம் குடுத்திருக்கோம், இல்லேன்னா கம்ப்ளைன்ட் குவிஞ்சிடும்ல. மத்ததெல்லாம் மெதுவா வந்தா போதும்."

சாந்தசொரூபி கரண்டியைக் கீழே வைத்தார். "எங்க அக்கா கிளாஸ் எடுக்கிற சைட்டு?"

"பணம் கட்டுறாங்களா? இல்லேல்ல. அப்ப மெதுவாத்தான் வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாந்தசொரூபிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. எத்தனை வீட்டுச் சுவர்களைக் குறை சொல்லியிருக்கிறோம் என்று முணுமுணுத்தார். அங்கேயே அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"அக்கா, உன் வீட்ல ஒரு கோளாறும் இல்ல. எங்க ஆளுங்கதான் மெதுவாக்கி வச்சிருக்காங்க. தெரியாம நான்தான் உன்ன அலைக்கழிச்சிட்டேன்."



"காலையிலதான்டா கிளாஸை நிறுத்தினேன்," என்றார் அக்கா. "எல்லாம் சரியா இருக்குன்னு நீ சொன்னியா, அப்ப என் கைதான் தடுமாறுதுன்னு நெனச்சேன். அந்த ரெண்டு பிள்ளைங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டேன்."