பெட்டியில் போட்ட பெயர்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகர முதியோர் இல்லமொன்றில் அருமைநாயகிக்கு இருபத்திரண்டு வருட வேலை. அங்கே யாராவது கண்ணை மூடினால், உயிர் வெளியே போகட்டும் என்று யன்னலைத் திறந்துவிடுவார்கள். பெரும்பாலும் அவள்தான் தயங்காமல் திறப்பாள். ஆனால் வீட்டில் கணவர் பஸ்தியாம்பிள்ளை காற்றுக்கு யன்னலைத் திறந்தாலும் ஓடிப்போய்ப் பூட்டுவாள். மனுசனுக்கு அது பெரிய பகிடி.

இந்தக் கோடையில் அவருடைய குடலில் எதையோ கண்டு, துண்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டிலிருந்து அந்தரப்படாமல் லூர்து மாதாவிடம் போவோம் என்று, மகள் கிளோறியாவையும் கூட்டிக்கொண்டு தமிழாக்களின் பஸ்ஸில் ஏறினார்கள்.

வழியில் பிரான்சில் ஒரு பழைய கோதிக் பேராலயத்தில் பஸ் நின்றது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து உளையும் உயரம். உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. கல்லில் செதுக்கிய முகங்கள் எல்லாம் தன்னையே பார்ப்பதுபோல் அவளுக்குப் பயமாக இருந்தது. மற்றவர்கள் படம் எடுத்துத் திரிய, அவள் ஒரு பீடத்தருகே பெட்டியையும் கடதாசித் துண்டுகளையும் கண்டாள். மன்னாரில் அவளுடைய கோயிலிலும் நோயாளிகளுக்காகப் பெயர் எழுதிப் போடும் மன்றாட்டுப் பெட்டி உண்டு. யோசிக்காமல் கணவரின் முழுப்பெயரை எழுதிப் போட்டாள்.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த கிளோறியா வந்து பலகையை வாசித்தாள். இது இறந்தவர்களுக்கான பெட்டி, நவம்பரில் பெயர் சொல்லிப் பூசை வைப்பார்கள் என்று டெனிஷில் சொன்னாள்.

அருமைநாயகி துண்டைத் திரும்ப எடுக்கப் பெட்டியின் துவாரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், எட்டவில்லை.

"சும்மா ஒரு கடதாசிதானே, அம்மா."

மகளை வெளியே அனுப்பிவிட்டு, இன்னொரு துண்டில் தன் பெயரை எழுதினாள். "அவரை விட்டிடும் ஆண்டவரே. என்னை எடும்" என்று முணுமுணுத்து அதையும் போட்டாள். நேர்த்தி வைத்துவிட்டு அவள் ஒருநாளும் பின்வாங்கியவள் அல்ல.

திரும்பி வந்த மறுநாள், வழமையான மார்பகப் புற்றுநோய்ச் சோதனைக்குப் படம் எடுக்கப் போய்வந்தாள். அடுத்த கிழமை ஒரு மத்தியானம் அவருடைய மின்தபாலில் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. புற்றுநோய் இல்லை.

"நான் சொன்னனான் தானே! மீன் பொரியுமப்பா!" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

அவள் அழுதுகொண்டே சட்டியை அடுப்பில் வைத்தாள். அப்போது அவளுடைய தொலைபேசியும் ஒருமுறை ஒலித்தது. ஆஸ்பத்திரிச் செய்தி. மார்பகப் படத்தில் ஏதோ தெரிகிறது, நாளைக் காலையே வரவும் என்றிருந்தது. வாசித்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

மீன் புகைக்கு இருமிக்கொண்டு வந்த பஸ்தியாம்பிள்ளை யன்னலை அகலத் திறந்தார். பிறகு ஞாபகம் வந்து சிரித்தார்.

"பூட்டட்டோ?"

"வேண்டாம். திறந்தே கிடக்கட்டும்" என்றாள் அருமைநாயகி.