ஊதா வெளிச்சத்தில் ஒற்றை இறக்கை

காலையில் கைப்பேசியைத் திறந்ததும் எரிச்சல்தான் வந்தது. பழைய ராணுவச் சின்னங்கள் சேகரிப்பவர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். யாரோ ஒரு பெண் தன் தாத்தாவின் விமானப்படைச் சின்னத்தைப் படமெடுத்துப் போட்டு, இது நிஜம்தானா என்று பணிவாகக் கேட்டிருந்தார். "ஊதா லைட் அடிச்சுப் பாருங்க" என்றார் ஒருவர். அடித்து இன்னொரு படம் போட்டார் அந்தப் பெண். சின்னம் நீலவெள்ளையாக மின்னியது. "ஃபேக் லா!" என்று பதில். அதற்குக் கீழே ஏழெட்டுக் கட்டைவிரல்கள்.

அத்தனை விரல்களையும் ஒடிக்கலாம் போலிருந்தது. அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த இறக்கை விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தக் கால பிரிட்டிஷ் விமானப்படையில் விமானி என்றால் நெஞ்சில் இரண்டு இறக்கை, நடுவில் கிரீடம். கிரீடத்தின் வளைவைப் பார்த்தே ராஜா காலமா ராணி காலமா என்று சொல்லிவிடலாம். விமானத்தில் போகும் மற்றவர்களுக்கு ஒரே இறக்கைதான். அதன் ஓரத்தில் ஓர் இலை வளையம், வளையத்துக்குள் அவரவர் வேலைக்கான எழுத்து. துப்பாக்கி சுடுபவருக்கு ஏ.ஜி. இருபத்தாறு வயதில் இதெல்லாம் எனக்கு அத்துப்படி. தலையில் கொம்பு முளைத்துவிட்டதாக நினைப்பு.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த கடை. பழைய கைக்கடிகாரம், தபால்தலை, ராணுவச் சாமான்கள். கீழே மிளகாய் அரைக்கும் மில். எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் தும்மிக்கொண்டேதான் படியேறி வருவார்கள். மேலே வந்தால் பாச்சை உருண்டை நெடி. போலிச் சின்னங்கள் நிறைய வரும். புதிதாகத் தைத்து, பால் சேர்க்காத கோப்பி-ஓவில் ஊறவைத்துப் பழுப்பேற்றி, போர்க்காலத்துச் சரக்கு என்று கூசாமல் நீட்டுவார்கள். செத்தவன் சட்டையில் காசு பார்க்கிற பிழைப்பு! மோந்து பார்த்தே பிடித்துவிடுவேன். பிறகு முதலாளி புற ஊதாக் கதிர் வீசும் ஓர் ஊதா விளக்கு வாங்கி வந்தார். அந்த வெளிச்சத்தில் பழைய நூல் மங்கிக் கிடக்கும், புது நூல் பளிச்சென்று மின்னும். அதற்கப்புறம் மோந்து பார்ப்பதையும் விட்டேன்.

அப்போதுதான் குவீன்ஸ்டவுனிலிருந்து கமலா ஆன்ட்டி வந்தார். அறுபது வயதிருக்கும். கைக்குட்டையைப் பிரித்து மேசையில் வைத்தார். காக்கிச் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்த துண்டு. அதில் ஒற்றை இறக்கை, ஏ.ஜி.

"எங்கப்பாவோடது தம்பி. பர்மாவுல பிளேன்ல பின்னாடி உக்காந்து சுட்டவரு. அப்புறம்தான் இங்க வந்து தஞ்சோங் பகார் துறைமுகத்துல கணக்கெழுதுற கிராணி வேலை பார்த்தாரு. என் தம்பிங்க நம்ப மாட்டேங்கிறானுங்க. கேம்ப்ல சமையக்காரரா இருந்தாரு, இத எவன்கிட்டயோ வாங்கிக் குத்திக்கிட்டாருன்னு சிரிக்கிறானுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா வாய மூடுவானுங்க."

விளக்கை அடித்தேன். இறக்கை மின்னியது. காக்கித் துணியும் சேர்ந்துதான் மின்னியது. கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

"ஃபேக் ஆன்ட்டி."

"நல்லாப் பாருங்க தம்பி."

"லைட் பொய் சொல்லாது ஆன்ட்டி."

இதைச் சொன்ன வாயை என்ன செய்வது? சின்னத்தின் பின்பக்கத்தைப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். நாலு தையல் பிரித்தால் போதும், உள்துணியும் தையல் விதமும் காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பிளேடு மேசை இழுப்பறையில்தான் இருந்தது. நான் இழுக்கவில்லை. "அப்ப அப்பாதான் பொய் சொல்லியிருக்காரு" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டு துண்டை மடித்தார். கடை நோட்டில் விலாசம் எழுதச் சொன்னேன், எழுதினார். அவர் தும்மிக்கொண்டே படியிறங்கியது கேட்டது. நான் ரொட்டி பரோட்டா வரவழைத்து வயிறாரச் சாப்பிட்டேன்.

சில மாதம் கழித்து விளக்கு தற்செயலாக என் கைக்குட்டைமேல் விழுந்தது. அம்மா வருஷக்கணக்காகத் துவைத்துப்போடும் பழைய பருத்தித் துணி அது. அதுவும் மின்னியது. கீழே ஓடி ஒரு பொட்டலம் சலவைத்தூள் வாங்கி வந்து காகிதத்தில் கொட்டி விளக்கை அடித்தேன். தூள் நிலா மாதிரி எரிந்தது. வெளுப்புக்காக என்னவோ கலக்கிறார்கள். அதில் துவைத்தால் எந்தக் காலத்துத் துணியும் மின்னும். காக்கித் துண்டு ஞாபகம் வந்தது.

பிளேடையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு குவீன்ஸ்டவுனுக்கு பஸ் ஏறினேன். கதவைத் திறந்த ஆன்ட்டி என்னை அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார். எதிர்ச்சுவரில் படம் ஒன்றைக் கழற்றிய இடம் சதுரமாக வெளுத்திருந்தது.

"அத துவைச்சீங்களா ஆன்ட்டி?"

"ஆமா. ஒரே அழுக்கு. உங்ககிட்ட காட்டணுமேன்னு முந்தின நாள்தான் பவுடர் போட்டு ஊறவெச்சுக் கசக்கினேன்."

தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொல்லி, மறுபடி பார்க்கலாமா என்றேன். அவர் சமையலறைச் சுவரிலிருந்த குப்பைக்குழாயின் இரும்பு மூடியைக் காட்டினார். "அன்னைக்கே ரப்பிஷ் சூட்ல போட்டுட்டேன்." பிறகு கேட்டார்: "அப்ப அது நெசமா தம்பி?"

"பார்க்காம சொல்ல முடியாது ஆன்ட்டி."

அந்த வேலையில் நான் சொன்ன முதல் யோக்கியமான பதில் அதுதான். யாருக்கும் பிரயோஜனமில்லாத பதில். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது மில் இருந்த இடத்தில் பபிள் டீ விற்கிறார்கள், மாடியில் நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். ஆன்ட்டி குடியிருந்த அடுக்குமாடி பிளாக்கையும் இடித்துவிட்டார்கள், அந்தக் குழாயோடு சேர்த்து. ஊதா விளக்கு மட்டும் சாகவில்லை. சாவிக்கொத்தில் தொங்கும் அளவுக்குச் சின்னதாகி எல்லார் கையிலும் இருக்கிறது.

இன்று காலை அந்தப் படத்தைப் பார்த்ததும் முதல் வேலையாகக் குழுவில் எழுதினேன்: 'துவைச்சீங்களாம்மா? தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க.' அனுப்பிய பிறகுதான் மேலேயிருந்த சாம்பல்நிற வரியைக் கவனித்தேன். அந்தப் பெண் குழுவிலிருந்து வெளியேறியிருந்தார்.