மன்னியின் முதல் கியர்

என் அண்ணா கல்யாணச் சமையல்காரன். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அண்டாவும் குண்டானும் எப்போதும் கவிழ்த்து அடுக்கியிருக்கும். முகூர்த்த நாட்களில் அவற்றை ஏற்றிக்கொண்டு எர்ணாகுளத்துக்கும் திருப்பூணித்துறைக்கும் போவதற்காக ஒரு பழைய வேன் வாங்கியிருந்தான். அதை ஓட்டத்தான் ஆள் நிலைக்கவில்லை. எழுபதுகளின் கடைசி அது. ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் கல்ஃபுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணாவுக்கோ சின்ன வயசிலேயே ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. அவனுக்கு லைசன்ஸ் கிடைக்க வழியில்லை.

ஒரு ஆவணி முகூர்த்தத்தன்று காலையில் டிரைவர் வரவில்லை. அவனுக்கும் விசா வந்துவிட்டதாம். அண்ணா இரண்டு டாக்சி பிடித்து, அண்டாக்களைக் கூரைமேல் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்தவன் நேரே கூடத்தில் படுத்துவிட்டான்.

அவன் மனைவி, என் மன்னி, அவனுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். "நான் படிக்கறேன்" என்றாள்.

"எதை?"

"வண்டி ஓட்ட."

"விளையாடறயா? பாக்கறவா என்ன சொல்லுவா?"

"சொல்றவா வந்து ஓட்டித் தருவாளா?"

அண்ணா எழுந்து உட்கார்ந்து மோரைக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் காட்டி, "அவளும் கூடப் போகட்டும்" என்றான். அப்படித்தான் நானும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். எனக்கு வெல்லிங்டன் தீவில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. காலையில் வகுப்பு முடிந்ததும் அப்படியே வேலைக்குப் போய்விடுவேன்.

ஸ்கூல் காரில் கியர் தண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது, எங்கள் வேனில் இருப்பது போலவே. தண்டைத் தன் பக்கம் இழுத்துத் தள்ளினால் ஒரு கியர், இழுக்காமல் தள்ளினால் வேறொன்று. பார்த்துப் போட அதில் எண் எதுவும் கிடையாது. மாஸ்டர் கோட்டயத்துக்காரர், பொறுமைசாலி. "பேடிக்கண்டா சேச்சி" என்று பயம் தெளிவிப்பார். மன்னி பயந்து நான் பார்த்ததில்லை. தப்பு வந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பாள்.

முதல் டெஸ்டில் இரண்டு பேருமே தோற்றோம். நான் மைதானத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போதே கம்பத்தை இடித்துவிட்டேன். மன்னி மைதானத்தில் தேறி ரோட்டு டெஸ்டுக்குப் போனாள். டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர் அவள் பக்கத்தில் உட்கார, நானும் மாஸ்டரும் பின்சீட்டில் இருந்தோம். தோப்பும்படிப் பாலத்தின் ஏற்றத்தில் இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்தச் சொன்னார். பிறகு "இனி எடுக்கு" என்று கிளப்பச் சொன்னார். மன்னி கியர் போட்டாள், கிளட்சை விட்டாள். வண்டி ஒரு உதறு உதறி அணைந்து, பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் நின்ற பஸ் ஹாரனை அடித்தது. இன்ஸ்பெக்டரே எட்டி ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். "பின்னெ வரூ", இன்னொரு நாள் வா என்று சொல்லி இறங்கிப் போனார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாதி வழியில் மன்னி சொன்னாள்: "ஒண்ணாம் கியர்னு நெனச்சு மூணாம் கியரைப் போட்டுட்டேன்டீ. எனக்குத் தெரியறது. கைக்குத் தெரியல்லை."

அன்றிலிருந்து மத்தியானம் அடுப்பை அணைத்ததும் போய் வேனில் உட்கார்ந்துகொள்வாள். சாவி போடமாட்டாள். கண் நேரே தெருவில் இருக்கும். கால் கிளட்சை மிதிக்கும். கை மட்டும் கியரைத் தேடும். விடுமுறை நாளென்றால் நான் வெளியே நின்று, "மூணு! ஒண்ணு! ரிவர்ஸ்! ரெண்டு!" என்று மாற்றி மாற்றிக் கூவ வேண்டும். எதிர்வீட்டு மாமி ஒருநாள், "எங்கே யாத்திரை?" என்று கேட்டாள். "காசிக்கு மாமி. நீங்களும் ஏறிக்கோங்கோ" என்றாள் மன்னி, கியரில் இருந்து கையை எடுக்காமலே.

கடைத்தெருவுக்குச் சுக்கும் மிளகும் வாங்கப் போனாலும் அதே நினைப்புதான். கிடங்குகளில் இருந்து பாரம் ஏற்றி வரும் லாரி பக்கத்தில் வந்தால் நின்று காது கொடுப்பாள். "கேட்டயா? மூச்சு முட்டறது. இப்போ அவன் கியர் குறைக்கணும்" என்பாள். சொல்லி வாய் மூடுவதற்குள் டிரைவர் குறைப்பான். எனக்கு எல்லா லாரியும் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது.

இரண்டாவது டெஸ்ட் அன்று நல்ல வெயில். அதே இன்ஸ்பெக்டர். நான் அதே கம்பத்தை மறுபடியும் இடித்தேன். மன்னி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

பாலத்து ஏற்றத்தில் இந்த முறை இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கு முன்னால் மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று, இரண்டு பேர் குனிந்து தள்ளியும் நகராமல் நின்றுவிட்டது. எதிரே லாரிகள் வந்துகொண்டிருந்ததால் ஒதுங்கவும் இடமில்லை. மன்னி நிறுத்தி ஹாண்ட் பிரேக் போட்டாள். கைவண்டி கொஞ்சம் நகர்ந்தது. அவள் முதல் கியரில் அதன் பின்னாலேயே நகர்ந்தாள். அது நின்றது, இவளும் நின்றாள். மறுபடி நகர்ந்தபோது, ஒரு விரற்கடை கூடப் பின்வாங்காமல் வண்டி ஏறியது. பின்னால் ஹாரன் சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "செகண்ட்! செகண்டிலேக்கு மாற்று!" என்று அதட்டினார்.

மன்னி மாற்றவில்லை. "இப்போ மாத்தினா வண்டி நின்னுடும் சார். ஏத்தம் கழியட்டே" என்றாள்.

மாஸ்டர் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டரை எதிர்த்துப் பேசிவிட்டாளே, இனி லைசன்ஸ் கனவில்தான் என்று நானும் நினைத்தேன்.

கைவண்டிக்காரர்கள் ஒருவழியாக உச்சிக்கு ஏற்றி ஓரம் கட்டினார்கள். மன்னி அவர்களைத் தாண்டினாள். வண்டியின் சத்தம் உயர்ந்தது. அப்போதுதான் இரண்டாம் கியர். சமதளம் வந்ததும் மூன்றாவது, நாலாவது. மாற்றியதெல்லாம் காதுக்குத்தான் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. பின்சீட்டில் நான் என்னை அறியாமல் மாஸ்டரின் கையைப் பிடித்திருந்தேன். சட்டென்று விட்டுவிட்டேன்.

மைதானத்துக்குத் திரும்பியதும் இன்ஸ்பெக்டர் உடனே இறங்கவில்லை. நான் சொல்லியும் ஏன் மாற்றவில்லை என்று மலையாளத்தில் கேட்டார்.

"முன்னால ரெண்டு பேர் பாரம் தள்ளிண்டிருந்தா சார். நான் வேகமாப் போனா எங்கே போறது, அவா மேலயா?" என்றாள் மன்னி.

அவர் சிரிக்கவில்லை. "பாஸ்" என்றார். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தவர் திரும்பி, "நல்ல கை" என்றார்.

தை மாதத்தில் எர்ணாகுளத்தில் ஒரு கல்யாணம். முன்சீட்டில் மன்னி பக்கத்தில் நான்; பின்னால் அண்டாக்களுக்கு நடுவில் அண்ணா சப்பணம் போட்டு உட்கார்ந்து வந்தான். மண்டபத்தில் பெண்ணின் அப்பா ஓடி வந்து, "டிரைவர் எங்கே? முதல்ல அவரைக் காப்பி சாப்பிடச் சொல்லுங்கோ" என்றார். மன்னி இறங்கிக் கதவைச் சாத்தினாள். அவர் அவளைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நான்தான். சர்க்கரை கொறச்சுப் போடச் சொல்லுங்கோ" என்றாள் மன்னி.

பின்னால் இருந்து அண்ணா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எண்பதுகள் முழுக்க அந்த வேனை மன்னிதான் ஓட்டினாள். நான் மூன்றாவது தடவை டெஸ்டுக்குப் போகவே இல்லை. அவள் பக்கத்து சீட் எனக்குப் போதுமாயிருந்தது. மழைக்காலத்தில் கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பேன், கடலை உரித்து வாயில் போடுவேன். பேச்சுக்கு நடுவே அவள் கை போய்க் கியரை மாற்றிவிட்டுத் திரும்பும். பேச்சு அறுந்ததே இல்லை.