சித்தப்பாவின் நேர்த்தித் தேங்காய்

எங்கள் மொன்றியல் நகரசபை ஒருமுறை பெரிய மனது பண்ணியது. விசா இல்லாதவர்களும் இந்த நகரத்தில் பயப்படாமல் இருக்கலாம், நகரத்து அதிகாரிகள், பொலிஸ்காரர் யாரும் விசா கேட்க மாட்டார்கள் என்று அறிவித்தது. ரேடியோவில் அதைக் கேட்டுக் கைதட்டிய விசர்க் கூட்டம் நாங்கள். எனக்கு அப்போது எட்டு வயது.

சித்தப்பாவின் அகதி வழக்குத் தோற்றுப்போயிருந்தது. நாட்டைவிட்டுப் போகச் சொல்லியும் போகாமல் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு, டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். பொலிஸ் காரைக் கண்டால் என்னையும் இழுத்துக்கொண்டு அடுத்த தெருவால் சுற்றுவார். பயமில்லாமல் தெருவில் நடக்கிற நாளில் தேங்காய் உடைப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை முழுகி, திருநீறு பூசி, ஒரு பை தேங்காயோடு வாசலுக்கு இறங்கினார்.

"கோயிலிலை போய் உடையுமன், தம்பி," என்றார் அம்மா.

"தெருவிலை நடக்கத்தானே அண்ணி கேட்டனான். தெருவிலைதான் உடைக்கோணும்."

நடைபாதையில் ஓங்கி ஓங்கி அடித்தார். நான் ஓடி ஓடிப் பொறுக்கினேன். ஒரு துண்டு பக்கத்து வீட்டுக்காரரின் காரில் பட்டது. மனுசன் பொலிசைக் கூப்பிட்டுவிட்டார்.

வந்த பொலிஸ்காரி போன்ஜூர் சொன்னாள். என் கையிலிருந்த தேங்காயைப் பார்த்துச் சிரித்தாள். காருக்கு ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் கூட்டி அள்ளினால் சரி என்றாள். போகிற போக்கில் பெயரைக் கேட்டாள். முன்னென்றால் சித்தப்பா ஓடியிருப்பார். அன்று நெஞ்சை நிமிர்த்தி முழுப் பெயரையும் சொன்னார். அவள் காருக்குள் இருந்து கம்ப்யூட்டரில் தட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. நாடு கடத்தும் பிடியாணை இருக்கிறதாம்.

"சிற்றி பயமில்லையெண்டு சொன்னதல்லோ? கேளுங்கோவன்!" என்று அம்மா கத்தினார். அப்பா பிரெஞ்சில் கேட்டார். தான் விசா கேட்கவே இல்லை, பெயரைத்தான் கேட்டதாக அவள் மரியாதையாக விளக்கினாள். பிடியாணை நகரத்தினுடையது அல்ல, நாட்டினுடையது; கண்டால் எல்லைக் காவலரைக் கூப்பிடத்தான் வேண்டுமாம். ஆகா, என்ன நியாயம்! விழுந்து கும்பிடலாம்.

பிறகு அவரைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். ஆனால் அன்று அவரை எல்லைக் காவலரின் காரில் ஏற்றியபோது நான் வீட்டுக்குள் ஓடித் தும்புத்தடியை எடுத்துவந்து, அழுதழுது நடைபாதையைக் கூட்டினேன். சிரட்டை, தும்பு ஒன்றும் விடவில்லை. தேங்காய் உடைத்ததுதான் குற்றம் என்று நினைத்தேன். கார் புறப்படுவதற்குள் கூட்டி முடித்துவிட்டால் சித்தப்பாவை இறக்கிவிடுவார்கள் என்று நம்பினேன்.