மூன்றாம் ஓலை

தன் கல்யாண ஓலையைத் தானே வாசித்த பெண்ணைப் பொட்டிப்புரம் பக்கத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. கிறிஸ்தவ வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசித்து, இதற்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சபையைக் கேட்க வேண்டும். அதுதான் ஓலை. வாசிக்க வேண்டியவர் சபையின் ஆயர்; ஊர்ப் பேச்சில் ஐயர். இங்கே ஆயரே எப்சிபாதான். பக்கத்துச் சபை ஐயரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லலாமே என்று செயலாளர் ஞானசிகாமணி சொல்லிப் பார்த்தார். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் வாசித்த வாய் என் கல்யாணத்துக்கு மட்டும் கூசுமா என்று அவள் சிரித்துவிட்டாள். முதல் இரண்டு ஞாயிறும் அவள் வாசிக்க, பெண்கள் பக்கம் முந்தானைக்குள் ஒரே சிரிப்பு.

இந்த ஞானசிகாமணிதான், அவள் பொறுப்பேற்க வந்து பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, "ஐயரு பின்னால வர்றாகளா?" என்று விசாரித்தவர். ஐயர் நான்தான் என்றதும் மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அதன்பின் வெகுநாள் அவளிடம் பேசியதெல்லாம் அரைப் பேச்சுதான். திராட்சைக் கொடிக்கு மருந்தடித்துவிட்டு அவர் தம்பி மயங்கி விழுந்தபோது, தேனி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டுபோய், தம்பி வீடு திரும்பும்வரை அலைந்தவள் எப்சிபா. அப்புறம்தான் "எங்க ஐயரு" என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது.

சபை ஏற்றுக்கொண்டாலும் சம்பந்தம் பேச வந்தவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. படித்த பெண் வேண்டுமாம், வேதம் தெரிந்த பெண் வேண்டுமாம், பிரசங்கம் பண்ணுகிற பெண் மட்டும் வேண்டாமாம். வந்த இடமெல்லாம் காபியைக் குடித்துவிட்டு நழுவியது. முப்பது தாண்டிய மகளை நினைத்து அவளுடைய அம்மா உருகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தமிழ்மாறன் வந்தான். பழனிசெட்டிபட்டியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருப்பவன். ஒரு கூட்டத்தில் அவள் பேச்சைக் கேட்டுப் பிடித்துப்போய், அவனாகவே பெண் கேட்டான். அவன் பேசினால் எப்சிபா வயிறு வலிக்கச் சிரிப்பாள். அவளுக்கும் அவனை அவ்வளவு பிடித்திருந்தது. சங்கடமே அதுதான்.

நிச்சயத்தன்று அவனுடைய அம்மா லில்லிபுஷ்பம் டீச்சர் அவளைச் சமையற்கட்டுப் பக்கம் தனியே அழைத்தார். சில வருஷத்துக்கு ஒருமுறை ஊர் ஊராக மாற்றல் போட்டால், என் மகன் கடையைத் தலையில் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வருவானா என்று கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு ஆயர் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்கு வந்துவிட வேண்டும் என்றார். கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பின்னாலேயே வந்து நின்ற தமிழ்மாறன் வாயைத் திறக்கவில்லை. கூடத்தில் அவளுடைய அம்மா சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எப்சிபா தலையை ஆட்டிவிட்டாள்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் பவுனு அவளைத் தேடி வந்தாள். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவள். கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதைப் புருஷனிடம்கூடச் சொல்லாமல் எப்சிபாவிடம்தான் முதலில் சொல்லியிருந்தாள். ஜெபம் முடிந்த பிறகும் போகாமல் நின்றாள்.

"கல்யாணமானா போயிருவீகளோம்மா? அடுத்து ஆம்பள ஐயரு வந்தா, இதையெல்லாம் நான் யார்ட்டப் போயிச் சொல்ல?"

அன்று இரவு எப்சிபா தனியே ஜெபிக்க உட்கார்ந்தாள். அவனும் வேண்டும், இந்த வேலையும் வேண்டும் என்று கடவுளிடம் சின்னப் பிள்ளைபோல அடம்பிடித்து அழுதாள்.

மறுநாள் திருவிருந்து ஆராதனை. சபையாரைக் கல்யாணத்துக்கு அழைக்கவென்று தமிழ்மாறன் அம்மாவோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். எப்சிபா இருவர் பெயரையும் வாசித்தாள். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றாள். வழக்கமாக ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்திவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவாள். அன்று போகவில்லை.

"ஒரு தடை இருக்கு. அது எனக்கே தெரியும்" என்றாள். "இந்த அங்கியக் கழட்டிர்றேன்னு தலையாட்டிட்டுத்தான் கல்யாணத்துக்குச் சம்மதிச்சேன். அது பொய். என்னால முடியாது."

ஞானசிகாமணி எழுந்தார். தடை வந்தால் ஆயர் விசாரிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆயரே தடை சொன்னால் யார் விசாரிப்பது என்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

தமிழ்மாறன் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா கேட்டப்பவே நான் பேசியிருக்கணும். பேசல. இப்பவும் என்ன சொல்றதுன்னு தெரியல. ஓலைய நிறுத்தி வையுங்க."

ஓலை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று அவள் சபைக்கு அறிவித்தாள். பாதியில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொன்னாள். ஆராதனையைப் பாதியில் விட முடியாது. வேறு ஆயர் இல்லையே.

திருவிருந்துக்கு எல்லோரும் பீடத்தருகே வந்து முழங்காலிட்டார்கள். தமிழ்மாறனும் வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டி அப்பத்தை வாங்கிக்கொண்டான். லில்லிபுஷ்பம் டீச்சர் மட்டும் எழவில்லை. முட்டுவலிக்காரர்களுக்கு அவர்கள் இருக்கும் இடத்துக்கே அப்பத்தைக் கொண்டுபோவது வழக்கம். டீச்சருக்கும் முட்டுவலி உண்டு. இன்று வராததற்குக் காரணம் முட்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். எப்சிபா தட்டை எடுத்துக்கொண்டு இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள். டீச்சர் கையை நீட்டவில்லை.

"எம்பிள்ள எம்புட்டு ஆசையா இருந்தான் தெரியுமா?" என்றார் மெல்ல.

"எனக்கும் ஆசதான்மா" என்றாள் எப்சிபா.

டீச்சர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஆயரின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் தட்டைப் பிடித்திருந்ததால் அவளால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. டீச்சர் தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, அப்புறம் கையை நீட்டினார்.