குசினி வாசலில் உயர்ந்த கைகள்

நேற்று எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் புது மண்டபத்தில் பங்குச் சபைக் கூட்டம் நடக்கையில் குசினியிலிருந்து இஞ்சித் தேத்தண்ணி வாசம் வந்தது. அந்த நொடியில்தான் எனக்கு ஒரு யோசனை பிறந்தது.

இதே இடத்தில் முன்பு துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு ஓட்டுக் கட்டடம் இருந்தது. கடற்கரைப் பெண்கள் அங்கே குந்தியிருந்து கிழிந்த வலை பொத்த, பிள்ளைகள் நாங்கள் அவர்களின் காலடியில் செபம் பாடமாக்க, ஈர நூலின் மணமும் கப்பல்களின் ஊதலும் கூரைப் புறாக்களின் முணுமுணுப்பும் சேர்ந்ததுதான் எனக்கு இன்றைக்கும் கோயில். கூட்ட நாட்களில் மட்டும் அது ஆண்களுடையதாகிவிடும். அவர்கள் கதிரைகளில் இருக்க, பெண்கள் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நிற்பார்கள்.

அப்படியொரு கூட்டத்தில், அந்தக் கட்டடத்தை இடித்துக் கலியாண மண்டபம் கட்ட வேண்டாம் என்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னபோது, வாசலில் நின்ற அத்தனை பெண்களும் உயர்த்தினார்கள்.

“கதிரையில இருக்கிற ஆக்களின்ர கைதான் கணக்கு,” என்றார் செயலாளர்.

“அப்ப எங்களுக்கும் கதிரை போடுங்கோவன்,” என்றார் அம்மா.

“நீங்கள் இருந்தா தேத்தண்ணி ஆர் ஊத்திறது, அக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள், ஃபாதரும்தான். கட்டடத்தை இடித்தார்கள். வலைகள் வெயிலுக்குப் போயின.

இளைஞர் பிரதிநிதி என்று இப்போது எனக்கொரு கதிரை தந்திருக்கிறார்கள். அம்மா நேற்றும் தட்டோடு வாசலில்தான்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: “அடுத்த கூட்டத்துக்கு எங்கட வீட்டுக் கதிரையைக் கொண்டு வாறன் அம்மா. இருப்பீங்களோ?”

அம்மா சிரிக்கவில்லை. “ஒரு கதிரை காணாது. வாசலில நான் மட்டுமே நிக்கிறன்?”

இன்று பின்னேரம் கடற்கரை வீடுகளில் கதிரை கேட்கப் போகிறேன்.